கிழித்த கடைசி அத்தியாயம்

அவைத் தலைவர் கலாநிதி பௌஸி அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோரே, திருமதி யோசெப்பின் இராஜநாயகம் அவர்களே, காலி வீதியின் சோதனைச் சாவடிகளைத் தாண்டி நேரத்துக்கு வந்துசேர்ந்த நண்பர்களே, பிந்தி வந்தவர்களே,

பேராசிரியர் சிறில் இராஜநாயகம் பாமன்கடையில் தமது வீட்டில், தமது கட்டிலில், நித்திரையில் காலமானார். இந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழரைப் பற்றி இப்படிச் சொல்லக் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! அவரை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நாங்கள் யாரும் தேடி அலையவில்லை. ஆகவே நான் அழப்போவதில்லை.

இன்னோர் ஆறுதலும் உண்டு. அதைச் சொல்லத்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையின் வரலாற்றைத் தமிழில் எழுத அவர் தொடங்கியபோது என் கணவர் நிக்கலஸ் உயிரோடு இருந்தார். எங்கள் அச்சகம்தான் வெளியிடுவதாக ஏற்பாடு. வேறு யார் வெளியிடுவார்? தமிழ் ஆய்வு நூலை வாங்கிப் போட இங்கே எத்தனை பதிப்பகம் உண்டு? சொந்தச் செலவில் அச்சடித்து, பாதியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்காத பேராசிரியர் யாராவது இந்த மண்டபத்தில் உண்டா?

ஆங்கிலத்தில் சுருக்கி வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்கும் அனுப்பினார். அங்கே அதை மதிப்பிட்ட இருவரில் ஒருவர் இவர் அரசாங்கத்தின் பக்கம் என்றார். மற்றவர் எதிர்ப்பக்கம் என்றார். முதலில் அந்த இருவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வையுங்கள் என்று பேராசிரியர் பதில் எழுதினார். ஒன்றில் மட்டும் அவர்கள் ஒத்துப்போனார்கள்: முடிவுரை வேண்டும்.

முடிவுரை! அதுதான் அவரைப் பிடித்த நோய். நூல் சமாதானத்தில் முடியவேண்டும் என்று ஆசைப்பட்டார். எண்பத்தேழில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது. கடைசி அத்தியாயம் எழுதினார். சண்டை வந்தது, கிழித்தார். தொண்ணூற்றைந்தில் பேச்சுவார்த்தை வந்தது, எழுதினார்; அது முறிந்தது, கிழித்தார். இரண்டாயிரத்து இரண்டில் போர்நிறுத்தம் வந்தது, யாழ்ப்பாணப் பாதை திறந்தது; திரும்பவும் எழுதினார். நூலுக்காகக் காத்திருந்த மாணவர் ஒருவர் விரிவுரையாளராகி, கலாநிதியாகி, ஓய்வும் பெற்று, இன்று இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார்.

"சரித்திரம் என்ன கலியாணப் படமே, சேர், சுபம் எண்டு போட?" என்று ஒருநாள் கேட்டேன். கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் அச்சகப் பக்கம் வரவில்லை.

யாழ்ப்பாணப் பாதை மறுபடி மூடப்பட்ட பிறகு, போன மாதம் வந்தார். கடைசி அத்தியாயத்தைக் கிழித்திருந்தார்.

"இந்தமுறை பதிலுக்கு ஒண்டும் எழுதேல்லை, மிஸிஸ் நிக்கலஸ்," என்றார். "சமாதானம் வருமட்டும் காத்திருந்தது என்ர ஆசை. அது சரித்திரகாரன்ர வேலை இல்லை. இப்பிடியே போடுங்கோ."

பிறகு இரண்டு கட்லட் சாப்பிட்டார். தேத்தண்ணீருக்குச் சீனி போதாது என்று குறை சொன்னார். அவரை அவ்வளவு இலேசான மனத்தோடு நான் முன்பு பார்த்ததில்லை.

கலாநிதி பௌஸி அவர்களே, ஆசிரியர்மேல் உள்ள அன்பினால் நீங்கள் அந்த முடிவுரையை எழுதித் தருவதாகச் சற்றுமுன் இந்த மேடையில் சொன்னீர்கள். நன்றி. வேண்டாம்.

பாதை திறந்த நாளில், முகமாலைச் சோதனைச் சாவடியில், சனங்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள் என்ற வசனத்தோடு பேராசிரியர் இராஜநாயகத்தின் நூல் முடிகிறது. அப்படியே அச்சேறும். அதன்பின் ஒரு பக்கம் வெறுமையாக விடுவேன். அதில் எங்கள் அச்சகத்தின் பெயர்கூட வராது. இது இந்தச் சபைக்கு நான் தரும் வாக்கு. மிச்சத்தைப் பார்க்கக் கிடைப்பவர்கள் தங்கள் புத்தகத்தில் எழுதட்டும்.

வெளியே போய், அவர் முடிக்காமல் போய்விட்டார் என்று யாரும் சொல்லவேண்டாம். அந்த வசனத்தின் கடைசியில் முற்றுப்புள்ளி இருக்கிறது. அவர் கையால் போட்டது. நான் பார்த்துவிட்டேன்.