கார்ப்பெட்டுக்குத் திராட்சை மருந்து

ராக்கையா: ஆத்தா முனீஸ்வரி, அந்தச் சோபாவ ஒரு பக்கமாத் தூக்கு. இந்தா, இங்கன பாரு... வெள்ளை வெள்ளையா. சந்தேகமே இல்லை. சாம்பல் நோய்.

முனீஸ்வரி: சாம்பல் நோய் திராட்சைக் கொடிக்குத்தானண்ணே வரும்?

ராக்கையா: பூசணத்துக்குக் கொடி எது, கார்ப்பெட் எதுன்னு தெரியுமா? ஈரத்தக் கண்டா எறங்கிரும். இருபது வருசமா ஓடைப்பட்டியில திராட்சைப் பந்தலுக்குக் கீழ நிக்கிறவன். எங்கிட்டயேவா?

விஜயகுமார்: ஹச்ச்! அதான் மச்சான், மருந்து டேங்க முதுகுல மாட்டிக்கிட்டே லிப்ட்ல வந்தீகளா?

ராக்கையா: ஆமா மாப்ளே. மூணாவது மாடியில ஒரு அம்மா ஏறுனாக. கொசு மருந்தா, எங்க வீட்டுக்கும் அடிச்சுட்டுப் போங்கன்னாக.

முனீஸ்வரி: அது சரி, வாசல்லயே ஏன் மூக்குல துண்டக் கட்டிக்கிட்டீக? இன்னும் மருந்தே அடிக்கலியே...

ராக்கையா: பழக்கந்தேன். அத விடு. எத்தனை நாளாத் தும்முறீக?

விஜயகுமார்: ஹச்ச்! ஆவணியில இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சுனோமே, அன்னைக்கு நீங்க இத விரிச்சீகள்ல... மறுநாள்ல இருந்து.

முனீஸ்வரி: ஏங்க! கார்ப்பெட்ட ஏன் இழுக்குறீக? தேனித் தூசிண்ணே. ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காக.

விஜயகுமார்: ஆமாமா, தூசிதான். நாலாவது மாடிக்கு வழி கேட்டு ஏறி வருது.

ராக்கையா: டாக்டரம்மா என்ன சொன்னாக?

முனீஸ்வரி: அவுக... ஹச்ச்... என்னமோ சொன்னாக...

விஜயகுமார்: ஒண்ணு வீட்டுல கார்ப்பெட் இருக்கணும், இல்லைன்னா மூஞ்சியில மூக்கு இருக்கணும்னாக. இதுக்குள்ள பூசணமும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் குடியிருக்காம். இத எடுக்கலைன்னா காலம்பூரா மாத்திரைதானாம்.

முனீஸ்வரி: எடுக்கிறதா? பொறந்த வீட்டுச் சீரு! இந்தா நிக்கிற எங்கண்ணன் தலையில சுமந்து, மேளம் முன்னால வர, கொண்டாந்து எறக்குனது. அதத் தூக்கி எறிஞ்சா நாளப்பின்ன சொந்தத்துல எவ மூஞ்சியில முழிக்கிறது?

விஜயகுமார்: நான் எறியச் சொன்னேனா? எனக்கு இது உசுரு முனீஸு.

முனீஸ்வரி: எனக்கு மட்டும் என்னவாம்? உசுருக்கும் மேல.

ராக்கையா: கேக்கவே குளுந்து போச்சு. கவலைய விடுங்க. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சுக் கொண்டாந்திருக்கேன். ரெண்டு டேங்கு அடிச்சா ஒரு பூசணம் நிக்காது.

முனீஸ்வரி: நீலமாயிருமேண்ணே?

ராக்கையா: செவப்பு கார்ப்பெட்டுல நீலம் விழுந்தா ஊதா. பன்னீர்த் திராட்சைக் கலரு. நம்ம பக்கத்துக்குப் பொருத்தமாத்தானே இருக்கு?

விஜயகுமார்: அதுக்கும் கேக்கலைன்னா?

ராக்கையா: கவாத்துதான். நோய் விழுந்த ஓரத்த நறுக்கிரணும்.

விஜயகுமார்: பூராவும் நறுக்கிரலாமா?

ராக்கையா: என்னது?

விஜயகுமார்: இல்லை... சும்மா கேட்டேன்.

முனீஸ்வரி: நறுக்குறதுன்னதும் ஞாவகம் வருது. இந்த மூலையில சதுரமா ஒரு வெட்டு இருக்கே, அது எதுக்குண்ணே?

ராக்கையா: அது... டிசைனு.

விஜயகுமார்: ஒத்த மூலையில மட்டுமா?

ராக்கையா: புது டிசைன் மாப்ளே. இப்பத்தான் வந்திருக்கு... ஆமா, விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உக்காந்ததும் வரிசையாப் பதினோரு தும்மல் வருமே, வருதா?

முனீஸ்வரி: ஆத்தி! பதினொண்ணேதான்! எப்படிண்ணே தெரியும்?

ராக்கையா: அதெல்லாம் ஒரு கணக்கு. நீ அந்த டீவி ஸ்டாண்ட நகட்டு... ம்ம்? இதென்ன?

முனீஸ்வரி: என்னண்ணே?

ராக்கையா: சோபாவுக்கு அடியில ஒரு வட்டம். டீவிக்கு அடியில ஒரு வட்டம். நடுவுல பொட்டு ஈரமில்லை. பூசணம் தானா வந்தா பரவலா வரும் ஆத்தா. இது சொட்டுநீர் போட்டாப்புலல்ல இருக்கு!

முனீஸ்வரி: ஏசி... ஏசி ஒழுகுதுண்ணே.

விஜயகுமார்: ஏசி பெட்ரூம்லல்ல இருக்கு?

முனீஸ்வரி: நீங்க செத்த வாய மூடுங்க.

ராக்கையா: வெரல வச்சா சொதசொதங்குது. காலையில பாஞ்ச தண்ணி. தோட்டக்காரன் கண்ண ஏமாத்த முடியாது. யாரு தண்ணி பாய்ச்சுனது? இப்பச் சொல்றீகளா, இல்லை மருந்து அடிக்கவா?

விஜயகுமார்: மச்சான், டேங்க எறக்குங்க! சோபாப் பக்கம்... நாந்தான். ஆபீசுக்குக் கெளம்புறப்ப தினம் ஒரு சொம்பு.

முனீஸ்வரி: அட மனுசா! எங்கண்ணன் சீர அழுக வைக்கப் பாத்தீகளா? உசுருன்னீக?

ராக்கையா: சரி. அப்ப டீவிப் பக்கம்?

விஜயகுமார்: முனீஸு?

முனீஸ்வரி: அது... நீங்க ஆபீசுக்குப் போனதுக்கப்புறம்... அரிசி கழுவுன தண்ணி.

விஜயகுமார்: அதான் அந்தப் பக்கம் மட்டும் இம்புட்டுச் செழிப்பா வந்திருக்கு!

முனீஸ்வரி: நாமளா எறிஞ்சாத்தானண்ணே குத்தம்? அதுவா மக்கிப் போச்சுன்னா யாரு என்ன சொல்லுவாக? நானும் மூச்சு விடணும்லண்ணே... ஹச்ச்... கோவிச்சுக்காதீக.

விஜயகுமார்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஊத்தியிருக்கலாம். இந்நேரம் ஓட்டையே விழுந்திருக்கும்.

முனீஸ்வரி: ஒண்ணு செய்யலாம்ண்ணே. சீரு குடுத்த கையே திருப்பி வாங்கிக்கிட்டா ஒரு குத்தமும் இல்லை. நீங்களே ஓடைப்பட்டிக்குக் கொண்டு போயிருங்களேன்.

ராக்கையா: நானா? வேணாம்! வேணவே வேணாம்! முதுகுல டேங்கு இருக்குல்ல...

விஜயகுமார்: டேங்க நான் மடியில வச்சுக்கிறேன். கீழ உங்க ஜீப்பு நிக்குதுல்ல? நானே கூட வந்து விரிச்சுக் குடுத்துட்டு வாரேன். உங்க ஹால்ல அந்தச் சதுரத் தூணு இருக்கே மச்சான், அந்த மூலையில... இருங்க, இருங்க. சதுரத் தூணு...

முனீஸ்வரி: அண்ணே? அந்த டிசைனு...

ராக்கையா: அந்தத் தூணுக்காக வெட்டுனதுதான் ஆத்தா! எட்டு மாசம் எங்க வீட்டுலதான் கெடந்துச்சு! உன் மதினிக்கு அந்தப் பதினோரு தும்மலும் நின்னு இப்பத்தான் வீட்டுல நிம்மதி. இத மறுபடி வாசல்ல எறக்குனேன்னா, என்னையும் சேத்துச் சுருட்டி அடுத்த வீட்டுக்குச் சீரா அனுப்பிருவா.