குறைகளைப் படித்து எடுத்த வீடு

விடுமுறைக்கு வீடு எடுப்பதென்றால் படங்களைப் பார்த்து எடுக்கக் கூடாது, தம்பி. படத்தில் எல்லா வீட்டுக்கும் சன்னல் திறந்துதான் இருக்கும். எல்லா மேசையிலும் பூ இருக்கும். அதற்குக் கீழே, தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதியிருக்கிற குறைகளைப் படிக்க வேண்டும். வீடு அங்கேதான் இருக்கிறது.

நான் அப்படித்தான் எடுத்தேன்.

நீங்கள் காகிதத்தையும் பேனாவையும் வைத்துவிட்டு, "நடந்தத நடந்தபடி எழுதுங்கம்மா, அவசரமில்ல" என்று சொல்லிப் போனீர்கள். எழுதுகிறேன். எழுத்தைவிடப் பேச்சுதான் எனக்குப் பழக்கம். அதனால் யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே போட்டுவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள் நான். காதில் மாட்டியதைக் கழற்றினாலும் கேட்டது போகாது.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச மூன்று நிமிஷம். எத்தனை புருஷன் பெண்டாட்டிகளை நான் சேர்த்துவைத்திருக்கிறேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "சாப்பிட்டேன்." "என்ன சாப்பிட்டீங்க?" மூன்று நிமிஷமும் இதையே பேசுவார்கள். நேரம் முடிந்ததும் வெட்டிவிட வேண்டியது என் வேலை. வெட்டும்போது எனக்கு எப்போதும் விரல் கொஞ்சம் தயங்கும்.

என் வீட்டில் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. என் வீட்டுக்காரர் கட்டட வரைபடம் போடுகிறவர். அவர் ஊமை இல்லை. டீக்கடையில் அவர் பேச்சுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய அண்ணன் போன் செய்வார். அரை மணி நேரம் கலகலவென்று போகும். என்னிடம் மட்டும் ஒரு நாளைக்கு நாலு பேச்சு. "சாவி எங்க." "சரி." "வேணாம்." "பாத்துக்கலாம்." முப்பத்தெட்டு வருஷம். கோபம், அடி, ஏச்சு ஒன்றும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அதுவாவது ஒரு பேச்சாக இருந்திருக்கும்.

மகள்தான் ஆரம்பித்தாள். "நாலு நாள் எங்கயாவது போய்ட்டு வாங்கம்மா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்கு, ஒரு ஏரியையாவது பாக்கலாம்."

கம்ப்யூட்டரைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓட்டுக்கூரை வீடு, மரப்படி வீடு, ஆப்பிள் தோட்டத்துக்குள் ஒரு வீடு. எல்லாம் அழகுதான். நான் ஒவ்வொன்றுக்கும் கீழே படிக்கச் சொன்னேன்.

"இது வேணாம்மா. செல்போன் டவரே எடுக்கலையாம்."

"மேல படி."

"'டிவி இல்ல. பக்கத்துல கடை கண்ணி இல்ல. ஒரு போன் பண்ணணும்னாகூட வீட்டப் பாத்துக்கற அம்மா வீடு வரைக்கும் பத்து நிமிஷம் நடக்கணும். ரெண்டு பேர் மூஞ்சிய ரெண்டு பேர் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.' ஒரே ஒரு நட்சத்திரம் குடுத்திருக்காரு. பாவம், நொந்துபோயிருக்காரு."

"இதையே எடு."

"அம்மா, அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துதே..."

"அதான் மாத்திரை இருக்கே. காத்து நல்லா இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள். அவள் மேல் தப்பில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் எங்களை இறக்கிவிட்டு, நாலாம் நாள் வருகிறேன் என்று போய்விட்டது. வீடு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு அறை. சன்னலோரம் ஏரியைப் பார்த்து இரண்டு நாற்காலி, நெருக்கமாகப் போட்டிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி இடுப்பில் ஒரு கொத்துச் சாவியோடு வந்தாள். சாவி அக்கா என்றுதான் அங்கே வருகிறவர்கள் கூப்பிடுவார்களாம். காலையிலும் சாயங்காலம் நாலு மணிக்கும் பால் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்வெளியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒரு கோடு வந்துச்சு, போயிடுச்சு" என்றார். என்னிடம்தான் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் போன் வரவில்லை. ஆறரைக்கு அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். நான் காத்திருந்தேன். "டீ போடட்டுமா?" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். இருட்டும் வரை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் இல்லாமல் போனால் மட்டும் போதாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று ராத்திரி துணி மடிக்கும்போது அவருடைய சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை டப்பா இருந்தது. துவைக்கிற சட்டையிலிருந்து அதை எடுத்து வேறு சட்டையில் வைப்பது என் வழக்கம். எடுத்தேன். என் கைப்பையில் வைத்தேன். திரும்ப வைக்கவில்லை. அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், "இந்தா" என்றார்.

"என்னங்க?"

"நெஞ்ச லேசாப் புடிக்குது. சட்டப் பையில டப்பா இருக்கும், எடு."

போய்ப் பார்த்தேன். "இல்லைங்க" என்றேன். பொய் இல்லை, சட்டைப் பையில் இல்லைதான்.

"வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேனோ?"

"இருக்கும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக எப்போது பிடித்தார் என்று யோசித்தேன். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஒரு தடவை தெருவைக் கடக்கும்போது.

"பேசிக்கிட்டே இருங்க. வலி தெரியாது" என்றேன். இணைப்புக் கிடைக்கும் வரை மறுமுனையில் அழுகிறவர்களிடம் நான் சொல்வது அதுதான்.

"என்ன பேசறது?"

"எதாவது."

கொஞ்ச நேரம் கழித்து, "பயமா இருக்கு" என்றார். பிறகு பேச ஆரம்பித்தார். தம்பி, அவர் எவ்வளவு அழகாகப் பேசினார் தெரியுமா. சின்ன வயதில் ஒரு மூன்று மாடி வீட்டுக்கு வரைபடம் போட்டாராம். மாடிப்படியில் ஒரு படி குறைத்துப் போட்டுவிட்டாராம். யாரும் கவனிக்காமல் அப்படியே கட்டிவிட்டார்கள்.

"கடைசிப் படி மட்டும் முழங்கால் உயரம். இன்னிக்கும் அந்த வீட்டுக்காரங்க அந்த எடம் வந்ததும் கால ஒட்டகம் மாதிரி தூக்கி வெக்கறாங்க. வெள்ளிக்கிழமை வாக்கிங் போறேன்ல, அதப் பாக்கத்தான் போவேன்."

சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், வலித்தது.

"இத ஏங்க என்கிட்ட சொன்னதே இல்ல?"

"அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேனே."

"அண்ணனுக்கு எல்லாம் சொல்லுவீங்க. எனக்கு?"

"நீதான பேச வேணாம்னு சொன்ன."

"நானா? எப்ப?"

"கல்யாணமான மொத வாரம். வேல முடிஞ்சு வந்த. செருப்பக்கூடக் கழட்டல. 'நாளெல்லாம் கண்டவங்க பேச்சையும் கேட்டுக் காது ரணமாக் கெடக்குது, வீட்லயாவது யாரும் பேசாம இருந்தா புண்ணியமாப் போகும்'னு சொன்ன. காதோரமெல்லாம் செவந்து போயிருந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. சரி, இவளுக்கு நம்மால ஆனதுன்னு..."

"அதுக்காகவா இத்தன வருஷம்?"

"ரிட்டையர் ஆனதும் பேசலாம்னுதான் இருந்தேன். அப்ப எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீயும் ஒண்ணும் கேக்கல."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. ஏதோ புயல் நாளாக இருக்கும். லைன் எல்லாம் பின்னிக்கொண்டு கிடந்திருக்கும். ஒரு நாள் அலுப்பில் சொன்னது.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், இதைக் கேட்ட பிறகாவது எழுந்து போயிருக்கலாமே என்று. கைப்பை ஆறு எட்டு வைக்கிற தூரத்தில் ஆணியில் தொங்கியது. சாவி அக்கா வீடு பத்து நிமிஷம். எனக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஒருவர் தன் அம்மா விழுந்துவிட்டாள் என்று கதறியபோது பதினோரு விநாடியில் ஆம்புலன்சுக்கு இணைப்புக் கொடுத்தவள் நான். அதற்குக் கொடுத்த சான்றிதழ் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவர்தான் ஆணி அடித்து மாட்டினார், ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மாத்திரை போட்டால் வலி விடும், தூங்கிவிடுவார். வண்டி வந்தால் வாயில் ஆக்ஸிஜன் மூடியை வைத்துவிடுவார்கள். மகள் வருவாள், அண்ணன் வருவார், பேச்செல்லாம் அண்ணனிடம் போகும். முப்பத்தெட்டு வருஷம் நின்று இப்போதுதான் என் முறை வந்திருந்தது. வரிசையிலிருந்து யார் விலகுவார்கள்?

நாலு மணிக்குச் சாவி அக்கா வந்தாள். நான் வாசலிலேயே பாலை வாங்கிக்கொண்டேன்.

"ஐயா எங்கம்மா? வெளியவே காணமே."

"உள்ளதான். பேசிட்டிருக்கோம்."

"காலையிலேருந்தா? புதுசாக் கல்யாணம் ஆனவங்க கெட்டாங்க, போங்க."

உள்ளேயிருந்து அவர் ஏதோ சொன்னார். குரல் மெலிந்திருந்தது. அது தன் காதில் விழுந்ததாக அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"சொன்னியா?"

"அந்தப் படிக்கட்டு வீடு எந்தத் தெருவுல இருக்கு? நானும் பாக்கணும்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

"ஒன் பை எங்க?"

"இருக்கு."

"அதுல இருக்கா?"

"இருக்கு" என்றேன். அவரிடம் நான் பொய் சொல்கிறவள் இல்லை.

"எடு."

"எடுக்கறேன். மொதல்ல சொல்லி முடிங்க."

"இந்தா... போய் யாரையாவது கூப்பிடு."

"ம்."

"ஒன்னத்தான் கேக்கறேன். கூப்பிடு."

"ம். அப்புறம்?"

இன்னும் நிறையச் சொன்னார். பாதி புரியவில்லை. அண்ணன் பேரைச் சொன்னார், மகள் பேரைச் சொன்னார், என் பேரையும் இரண்டு தடவை சொன்னார். என் பேர் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஏரியில் வெளிச்சம் இருக்கும்போதே, சத்தம் நின்றது. நான் டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினேன். காலையில் சாவி அக்கா வரும் வரை பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

வீட்டை எடுத்தது நான். மாத்திரையை வைத்துக்கொண்டதும் நான். கூப்பிடாததும் நான்தான். கீழே கையெழுத்துப் போடுகிறேன். மகள் கேட்டால் ஒன்று மட்டும் சொல்லுங்கள், தம்பி. அன்றைக்கு முழுக்க நான் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, அவர் சொன்னதற்கெல்லாம் ம் கொட்டினேன். பேச்சை நிறுத்தியது அவர்தான்.