தாளம் போடும் கை

கச்சேரிக்குப் போகும்போது நான் வீட்டிலிருந்து ஒரு குஷன் எடுத்துக்கொண்டு போவேன் சார். டவுன்ஷிப் மண்டபத்து இரும்பு நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுபோகும். என் கணவர் மதிவாணனுக்கு அந்தக் கவலையே கிடையாது. முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தாரென்றால், பக்கத்தில் பெண்டாட்டி இருப்பதே அவருக்கு மறந்துவிடும்.

அருள்மொழி இங்கே பாட வந்தது 2013-ல். கோயம்புத்தூர்ப் பக்கம். புருஷனுக்கு இங்கே வேலை, நான்கு பிளாக் தள்ளிக் குவார்ட்டர்ஸ். நல்ல குரல், பொய் சொல்லக் கூடாது. தாளத்தில்தான் கொஞ்சம் பயம். ஸ்வரம் பாடும்போது சட்டென்று முன்வரிசையைப் பார்ப்பாள். இவர் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணிக் காட்டுவார். சரியான இடத்தில் வந்து சேர்ந்ததும் அவள் சிரிப்பாள், இவர் தலையாட்டுவார். ஊரே பார்க்க நடக்கும் இது.

பாடுகிறவர்கள் தாளம் தெரிந்த ஒருவரை அப்படிப் பிடித்துக்கொள்வது வழக்கம்தான் என்று நேற்று உங்கள் ஏட்டையா சொன்னார். இருக்கட்டும். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

போன நவராத்திரிக்கு முன்னால் அவள் வீட்டுக்கே வந்தாள். “அக்கா, விஜயதசமிக் கச்சேரிக்கு அண்ணனக் கண்டிப்பாக் கூட்டிட்டு வந்துருங்க. அவரு முன்னால இருந்தாத்தானுங்க எனக்குத் தெம்பு.” என் வாசலில் நின்று என்னிடமே சொல்கிறாள். காபி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். புதுப் புடவை கட்டி நின்றாலும் நிமிராமல் “சோறு போடு” என்பார். அந்தக் கண் ஒரு நிமிடம் என்மேல் நிற்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

என் அம்மா வீடு வடக்குத்து, முந்திரிக்காட்டு ஊர். சின்ன வயதிலிருந்தே முந்திரிக்கொட்டை உடைத்தவள் நான். அந்தக் கொட்டை ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவோம். அவர் ஃபிட்டர். ஷிப்டு முழுக்கத் தோல் கையுறை போட்டிருப்பார். வலது கையுறைக்குள் அந்த எண்ணெயைக் கொஞ்சம் தடவி வைத்தேன். இரண்டே நாளில் கை பூரி மாதிரி உப்பிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒரு வாரம் நன்றாக இருந்தது சார். சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டினேன். “எல்லாத்தியும் நீயே பாத்துக்கினு இருக்க, ஒனக்குத்தான் செரமம் பிரபா” என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். சமையலறைக்குள் போய் சந்தோஷத்தில் அழுதேன்.

விஜயதசமியன்று சாயங்காலம் கட்டோடு எழுந்து சட்டையைக் கேட்டார்.

“இந்தக் கையோட எங்க போறீங்க?”

“கச்சேரிக்குத்தான். நான் இல்லன்னா அந்தப் பொண்ணு தடுமாறிப்பூடும்.”

சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டதும் நான்தான். அங்கே போய் இடது கையால் தாளம் போட்டார். அவள் அந்தக் கட்டைப் பார்த்தாள். பாடிக்கொண்டே கண் கலங்கினாள்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வழி என்ன இருந்தது, நீங்களே சொல்லுங்கள். மறுநாள் மத்தியானம் அவர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வலது கைக் கட்டைப் பிரித்தேன். இரண்டு கைக்கும் தடவினேன், விரல் விரலாக, நிதானமாக. எரிச்சலில் கண் விழித்தவர், என் கையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

அவருக்குச் சர்க்கரை உடம்பு. புண் சீழ் வைத்துவிட்டது. வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். இடது கை இனி மடங்காதாம். நான்தான் செய்தேன், மறைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள் சார். ஆஸ்பத்திரியில் நான் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை அவர் கண் என்னைவிட்டு நகரவில்லை. தண்ணீர் ஊற்றினால்கூட என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், இமை கொட்டாமல். அங்கிருந்த நர்ஸ் அதைப் பயம் என்றாள். சின்னப் பெண், இன்னும் கல்யாணமாகவில்லை. அவளுக்கு என்ன தெரியும்.