ஓதிக் கொடுத்த தண்ணீர்

பிள்ளை விளையாடும் இடத்தில் தாய் தகப்பன் சத்தம் போடக் கூடாது. இது என் கருத்து மட்டுமல்ல. புத்தளத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் கிளைட்டன் சேரும் அதைத்தான் சொல்வார். ஒருநாள் பெற்றோரையெல்லாம் மைதானத்து மரநிழலில் இருத்தி, "கை தட்டுங்க, தண்ணி குடுங்க, தோத்தா வீட்ட கூட்டிப்போய்ச் சோறு குடுங்க. மத்ததெல்லாம் என்ட வேல" என்றார். நான் அப்படியே நடந்தேன். எதிர்ப்பக்கப் பிள்ளை கோல் அடித்தாலும் கை தட்டினேன். "அர்கமிட உம்மாவப் பாத்துப் பழகுங்க" என்று சேர் மற்றவர்களுக்குச் சொன்னாரா இல்லையா என்பதை நீங்கள் அவரிடமே கேட்கலாம்.

நௌஃபரின் வாப்பா நளீம் அப்படியில்லை. ஓட்டோவைக் கோட்டோரம் நிறுத்திவிட்டுத் தொண்டை கிழியக் கத்துவார். "நௌஃபர், ஓடுடா, காலுக்கு என்ன புடிச்சிருக்கு?" அந்தப் பிள்ளை பந்தை விட்டுவிட்டுத் தகப்பனின் முகத்தைப் பார்க்கும். இப்படியும் ஒரு தகப்பனா என்று எனக்கு எரிச்சல் வரும்.

கொழும்புப் பாடசாலை ஒன்று எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையைப் போட்டி வைத்து எடுக்கப் போவதாகச் சேர் சொன்னார். விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே. என் மகன் அர்கமுக்குத்தான் அந்த இடம். அவன் தவறினால் நௌஃபருக்கு. இது எல்லோருக்கும் தெரியும். அர்கமின் வாப்பா கத்தாரிலிருந்து போனில் சந்தோஷத்தில் அழுதார். என் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விருப்பம் என்றுதான் சொல்லியிருப்பேன். அர்கம் அன்றைக்கே உடுப்புகளைப் பிரித்து வைக்கத் தொடங்கினான். வீட்டில் இருப்பது நானும் அவனும் மட்டும்தான். என்னை விட்டுப் போவதில் அவனுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அது எனக்கு வலித்தது, அதை மறைக்க மாட்டேன்.

அந்த வாரம் அவனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. நான் அரிப்புக்கு விழுங்கும் குளிசையில் ஒன்றைக் கொடுத்தேன். பின்னேரம் முழுவதும் என் மடியில் தலை வைத்துத் தூங்கினான், சின்ன வயதில் தூங்கியது போல. மறுநாள் மைதானத்தில் அவன் கால் பின்னியது. தடிமன் போன பிறகும் நான் குளிசையை நிறுத்தவில்லை.

கண்ணூறு என்றார்கள் மற்றத் தாய்மார். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. குளிசையைத் தூளாக்கி அதில் போடும்போதும் பிஸ்மி சொல்லித்தான் போட்டேன். அவன் சோரச் சோர, ஓதின தண்ணீரை இன்னும் கூடக் கொடுங்கள் என்றார்கள்.

பிறகு, யாரோ அவனுக்கு எதையோ கலந்து கொடுக்கிறார்கள் என்ற பேச்சுக் கிளம்பியது. மைதானத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. தாய்மார் தங்கள் பிள்ளைகளின் போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். நளீம் ஒருமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் சோடா வாங்கிக் கொடுத்தது யாருக்கோ நினைவு வந்தது. நான் அவர் பெயரைச் சொல்லவேயில்லை. கேட்டவர்களிடம் "அல்லாஹ்தான் அறிவான்" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதானே. அந்த வாரமே அவருடைய ஓட்டோவின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள்.

நளீம் என் வாசலுக்கு வந்தார்.

"ராத்தா, என்ட புள்ளட தலையில கை வெச்சுச் சொல்றன், நான் ஒண்டும் செய்யல்ல. நீங்களாவது நம்புங்க."

"நம்புறன் தம்பி. ஆனா மத்தவங்கட வாய நான் எப்பிடி மூடுற?"

தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் மைதானத்தில் கத்தவில்லை. அந்த வகையில் நௌஃபருக்கு நல்லதுதான் நடந்தது.

தெரிவுப் போட்டியன்று வெயில் கடுமை. முக்கியமான நாள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். இடைவேளையில் அர்கம் போத்தலை வாங்கிவிட்டுக் குடிக்காமல் நின்றான்.

"உம்மா, இதக் குடிச்சாத்தான் தலை சுத்துது."

"உம்மா தாற தண்ணி உனக்குக் கெடுதல் செய்யுமா மவன்?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குடித்தான்.

பந்துக்குப் பின்னால் அவன் ஓடியதையும், கோல் கம்பத்துக்குக் கிட்ட வரும்போது கண் சொருகியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கழுத்து கம்பத்தில் அடிபட்டது. எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை.

இரத்தத்தில் குளிசை மருந்து இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் நீங்கள் நளீமைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அவரை விட்டுவிடுங்கள். அநியாயமாக அடைபட்டவரின் துஆ ஏற்கப்படும். அது என் பிள்ளையின் மேல் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கொடுத்தது நான். ஒவ்வொரு முறையும் நான்தான்.

இப்போது அவனுக்கு நான்தான் ஊட்டுகிறேன், நான்தான் புரட்டிப் படுக்க வைக்கிறேன். கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். மருந்தின் கசப்பாக இருக்கும். கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்தால் நடப்பான், இங்கேயே வைத்திருந்தால் நடக்க மாட்டான் என்று டொக்டர் சொல்கிறார். என் சம்மதம் வேண்டுமாம். நான் இன்னும் கொடுக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் என் பிள்ளையை என்னைப் போல யார் பார்த்துக்கொள்வார்கள்?