இரண்டு பேர் பார்த்த கட்டுரை

காப்பி குடிக்காமல் நான் எந்தக் கட்டுரையையும் நிராகரித்ததில்லை, ஐயா. குடித்த பிறகும் நிராகரித்ததில்லை.

வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒரு மருத்துவ ஆய்விதழ் நடத்துகிறேன். திறந்த அணுகல் இதழ். பெரிய இதழ்களில் படிக்கிறவர் பணம் கட்ட வேண்டும். கட்டாதவருக்குக் கதவு திறக்காது. எங்களிடம் எழுதுகிறவர் கட்டணம் கட்டுவார், உலகமே இலவசமாகப் படிக்கும். இதில் ஒரு குறை சொல்வார்கள். எழுதுகிறவரே வாடிக்கையாளர் ஆகிவிட்டால் அவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராதாம். எனக்கும் வரவில்லை. நான் கொஞ்சம் இளகிய மனசுக்காரன்.

ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு நிபுணர்கள் பார்ப்பதாக இதழில் போட்டிருக்கிறோம். ஒருவர் நான். இன்னொருவர் என் மாமியார். சிரிக்காதீர்கள், அவர் ஒரு வரி விடாமல் படிப்பார்.

பதவி உயர்வுக்குப் பறந்துகொண்டிருந்த ஒரு பேராசிரியர், குழந்தைகளுக்கு வலிப்பு வந்தால் ஒரு ஊசிமருந்தை எவ்வளவு போடலாம் என்று எழுதியனுப்பினார். அச்செடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு மாப்ள. எழுத்துதான் பொடியா இருக்கு. இந்த ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல என்ன, ஈ எச்சமா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. எழுத்தைப் பெரிதாக்கி, புள்ளியைத் துடைத்து, அன்றே வெளியிட்டேன். ஒன்றரை மில்லி பதினைந்து மில்லி ஆயிற்று.

மறுநாள் பேராசிரியர் போனில் பதறினார். உடனே மாற்றச் சொன்னார். ஆகட்டும் என்றேன். ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். தரமான இதழ்களின் பட்டியலில் எங்களைச் சேர்க்கலாமா என்று அந்த வாரம்தான் ஒரு குழு பார்த்துக்கொண்டிருந்தது. பகிரங்கமாகத் திருத்தினால் மானம் போகும். ஓசைப்படாமல் திருத்தலாம், ஆனால் அது நேர்மையில்லை. குழு முடிவு சொல்லட்டும் என்று ஆறப்போட்டேன்.

இரண்டொரு நாளில் ஒரு பெண் டாக்டர் கூப்பிட்டார். சின்ன ஆஸ்பத்திரி, இவர் ஒருவர்தான் டாக்டர். பெரிய இதழ்களைப் படிக்க வசதியில்லையாம், எங்களுடையதுதான் திறந்ததாம். எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னால், வலிப்பு வந்த குழந்தையின் தாய் அழுவது போனில் கேட்டது.

"சார், பதினஞ்சுன்னு போட்டிருக்கு. எனக்கு அதிகமாத் தெரியுது. சரிதானா?"

சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆமாம், தெரியும், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தவறு என்று வாயால் ஒப்புக்கொண்டால் விஷயம் அந்தக் குழுவின் காதுக்குப் போகாதா?

"ரெண்டு நிபுணர்கள் பார்த்து சரின்னு சொன்னதும்மா. தைரியமாப் போடுங்க."

போட்டார்.

சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டார். "குழந்தை போயிடுச்சு சார்." போனை வைக்கவில்லை. ஒருவர் மனம் உடைந்து நிற்கும்போது சும்மா இருக்க என்னால் முடியாது. இந்த அனுபவத்தை அப்படியே ஒரு கட்டுரையாக எழுதிக் கொடுங்கள், எவ்வளவோ பேருக்குப் பாடமாக இருக்கும் என்றேன். பட்டியலில் எங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்ற நல்ல செய்தியையும் சொன்னேன், அவருக்கும் ஒரு ஆறுதலாக இருக்கட்டுமே என்று.

என்னை ஈரமில்லாதவன் என்கிறீர்கள். அவரிடம் நான் கட்டணம்கூடக் கேட்கவில்லை, ஐயா.