கூடை இல்ல, கூட

இல்ல சார், தப்பில்ல. நீங்க தமிழ் வாத்தியாரு, ஒங்க கண்ணு நேரா பெழையிலதான் போயி நிக்கும். கூடைன்னு இருக்கணும், கூடன்னு போட்டுட்டாங்கன்னுதான சொல்றீங்க? அத எழுதிக் குடுத்தவனே நான்தான். இருளப்பன். தேயிலத் தோட்டத்துல லோரி ஓட்றேன். என் ஹேண்ட்போன இப்படிக் குடுங்க, படத்தப் பெருசாக்கிக் காட்றேன். கொழுந்து வாடுமுன்னே கூட வந்து சேருமா. பித்தள எழுத்து சார், சிமெண்டு சொவத்துக்குள்ளயே பதிச்சது. ஒரு எழுத்து மட்டும் மின்னுதா? லைட்டு பட்டிருக்குங்கிறீங்க. சரி, அதுக்கு அப்பறம் வர்றேன். பஸ்ஸு இப்பத்தான் கேமரன் மலையில ரிங்லெட்ட தாண்டுது. கே.எல். டவுனு போயிச் சேர்ற வரைக்கும் நமக்கு வேற என்னா வேல.

நம்ம மலையில இல்ல சார், இந்தச் சொவரு இருக்குற வீடு. செராத்திங்ல, கடலப் பாத்தாப்ல. ஒரு டத்தோ, பட்டம் வாங்குன பெரிய பணக்காரரு, கட்டுனது. அவரு வருசா வருசம் எங்க தொர பங்களாவுல வந்து தங்குவாரு, தேயில மலன்னா உசுரு. மலய தூக்கிட்டுப் போக முடியுமா? அதான் கே.எல்.லேந்து ஒரு டிசைனர் பொண்ண அனுப்பி வச்சாரு. அந்த வீட்டுல படம் மாட்ற வேலயே கெடயாதாம், சொவரே படம், கூரயே படம். உள்ள நின்னு மேல பாத்தா நம்ம தேயில வரிச மாதிரி வளஞ்சு வளஞ்சு போவுதாம். புடுங்கிப் போட்ட தேயில வேரு இருக்கு பாருங்க, நாங்க அடுப்புக்குன்னு வச்சிருந்தது, அதயும் கேட்டு வாங்கிட்டுப் போச்சு அந்தப் பொண்ணு. இப்ப அது மாடிப்படிக்குக் கைப்புடி. டத்தோவே அதப் புடிச்சிக்கிட்டுத்தான் எறங்குறாரு.

கடைசியா, கொழுந்து எடுக்குறப்ப பாடுற பாட்டுல ஒரு வரி வேணும்னிச்சு. கடலுக்கு நேரா உள்ள சொவத்துல பதிக்கணுமாம். தொர எல்லாரயும் கூட்டி வச்சுக் கேட்டாரு. யாருக்கு சார் தெரியும்? இப்ப மெசின்ல வெட்றோம், அந்தச் சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் திட்டுனாலே கேக்காது. ஒரு கெழவி தொண்டயக் கனச்சிக்கிட்டு ஆரம்பிச்சிச்சு, பாத்தா சினிமாப் பாட்டு. அந்தப் பொண்ணு மொகம் வாடிப்போச்சு. நான்தான் கையத் தூக்குனேன். எங்கம்மா பாடுனது ஒண்ணு ஞாபகம் இருக்குன்னு சொல்லிட்டேன்.

எங்கம்மா பாட்டே பாடாது சார். அது வாயத் தொறந்தா வசவுதான்.

எதுக்குப் பொய்யின்னா, அந்த வீட்டுல சமைக்கிறது குமுதா. எங்க லயத்துக்காரிதான், தோட்டத்து லைன் வீட்டுல இருந்தவ. மொதல்ல தேயில வரிசயில கொழுந்து எடுத்தா, பெறகு தொர பங்களாவுல சமயலுக்குப் போனா. அவ வைக்கிற மீன் கொழம்ப டத்தோ தின்னு பாத்தாரு, முடிஞ்சிச்சு, செராத்திங் வீட்டுக்கே கூப்புட்டுட்டாரு. புருசன் செத்து ரொம்ப நாளாச்சு, புள்ளகுட்டி இல்ல, என்னயத் தடுக்க யாரு இருக்கான்னு கெளம்பிட்டா. ஆமா சார், நான் ஒருத்தன் இருந்தேன். ஆனா வாயி வேணும்ல. தானா ராத்தா பஸ் ஸ்டேசனுக்கு நான்தான் லோரில ஏத்திட்டுப் போனேன். வழி நெடுக மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன், போகாத புள்ள, என்கூட இருந்துரு, இவ்வளவுதான். பஸ்ஸு ஏறப் போறா, நான் கேக்குறேன், கம்பளி எடுத்துக்கிட்டியான்னு. கடற்கரைக்குப் போறவகிட்ட! அவ என்னய ஒரு பார்வ பாத்தா சார். இந்தக் குளுருலயே கெடந்து எனக்கு வேற அக்கற தெரியல, என்னா செய்ய.

அவ போன பெறகு எனக்கு லயத்துல இருக்கவே புடிக்கல. போன் போடுவேன். போட்டு, இங்க மழன்னு சொல்லுவேன். கேமரன்ல மழன்னு சொல்றது ஒரு சேதியா?

பாட்டா? பாட்டுன்னு ஒண்ணும் இல்ல சார், அவ என்னயத் திட்டுனதுதான் அது. கொழுந்து ஏத்த என் லோரி எப்பவும் லேட்டு. சாக்கு மேல உக்காந்துக்கிட்டுக் கத்துவா, கொழுந்து வாடுறதுக்குள்ள வந்து சேருவியா மாட்டியான்னு. அதத்தான் கொஞ்சம் மடக்கிப் போட்டேன். நடுவுல ஒரு கூட சேத்தேன். மத்தவங்களுக்கு அது கொழுந்துக் கூட. அவளுக்கு, என் கூட. நமக்கும் வயசாவுது புள்ள, வாடிப்போறதுக்குள்ள கூட வந்து சேந்துரு. புரியுதா சார் இப்ப?

எழுத்துப் பெழன்னு யாரும் கேக்கலயான்னா? கேட்டாங்க சார், கேக்காமயா? ஒங்கள மாதிரியே ஒருத்தர் போன் பண்ணி, கூடைதானங்கன்னு கேட்டாரு. எங்க தோட்டத்துப் பேச்சு வழக்குங்க, மாத்துனா பாட்டு செத்துரும்னேன். அப்படியே பதிச்சுட்டாங்க. இப்ப அந்தச் சொவத்துக்கு முன்னால நின்னு மாப்புள பொண்ணெல்லாம் படம் எடுத்துக்கிறாங்களாம். நூறு வருசத்துப் பாட்டுன்னு டத்தோ வெளக்கம் சொல்றாராம். நீங்களும் அதத்தான் சொன்னீங்க. சிரிங்க சார், பரவால்ல.

அவளா? மூச்சு விடல. தெனம் அந்தச் சொவத்துக்கு முன்னாலதான் கூட்டுறா, தொடைக்கிறா. படிச்சிருப்பா. நான் போன்ல மழன்னா, அவ வெயிலும்பா. நமக்கு இதுதான் மிச்சம்னு விட்டுட்டேன் சார்.

இப்ப அந்த எழுத்துக்கு வர்றேன். உப்புக் காத்துல பித்தள பச்ச புடிக்கும்ல? அந்தப் பச்சதான் அழகு, ஒருத்தரும் கைய வைக்கக் கூடாதுன்னு டிசைனர் பொண்ணு கண்டிசனா சொல்லியிருக்கு. போன வாரம் குமுதா இந்தப் படத்த அனுப்புனா. நல்லாருக்கியான்னுகூடக் கேக்கல, படம் மட்டும். நானும் லைட்டுன்னுதான் நெனச்சேன். பெருசாக்கிப் பாத்தேன். லைட்டு இல்ல சார், புளி போட்டுத் தேச்ச மினுக்கு. குத்துவெளக்கு வெளக்குற கையி. அத்தன எழுத்தயும் பச்சயா விட்டுட்டு, ஒண்ண மட்டும் வெளக்கி வச்சிருக்கா. படிங்களேன், எந்த எழுத்து? வாடுமுன்னேல மொத எழுத்து. சத்தமாத்தான் சொல்லுங்களேன்.

ஆங். வா.

அதான் சார், போறேன். கே.எல்.ல எறங்கி, குவாந்தான் பஸ்ஸப் புடிச்சு, செராத்திங் போவணும். என் பையி ஒங்க கால இடிக்குதா? இப்படித் தள்ளுங்க. கம்பளியா? சேச்சே, இந்தத் தடவ கம்பளி இல்ல. புளி சார். மத்த எழுத்தெல்லாம் அப்பறம் யாரு வெளக்குறது?