விரிந்த கண்மணி

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர். தவறாக நினைக்காதீர்கள். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் போடுவதில்லை. விளக்கைச் சுற்றும் பூச்சி டம்ளரில் விழுந்தால் அந்தப் பாவம் குடிப்பவனைச் சேரும்.

செஞ்சியில் கண் டாக்டர் என்றால் இந்த அஜிததாஸ்தான். என் மனைவி மருதேவி அதிர்ந்து பேசத் தெரியாதவள். போன அறுப்புக்கு வல்லத்திலிருந்து அவளுடைய மாமன் மகன் குணபாலன் வேர்க்கடலை மூட்டையோடு வந்தான். ஜன்னலருகே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வெளிச்சம் மாறவில்லை. அவள் கண்மணிகள் மட்டும் விரிந்தன. நான் பேச்சுக் கொடுத்ததும் என் பக்கம் திரும்பினாள். பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டன.

கண்ணுக்குப் பின்னால் குண்டூசித் தலை அளவில் ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. கண்மணியைச் சுருக்குவதும், கிட்டத்துப் பார்வைக்கு லென்ஸைக் குவிப்பதும் அதிலிருந்து போகும் நரம்புகள். விரிக்கும் நரம்பு வேறு; கழுத்து வழியாக ஏறி வருகிறது. மனசு அசைந்தால் அதுவும் அசையும்.

அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். நான் கேட்டு வாங்க முடியாத ஒன்றை அவனுக்குச் சும்மா கொடுத்தாள். அது எனக்கும் வேண்டியிருந்தது.

கண் சிவந்திருக்கிறது என்று சொல்லி அட்ரோபின் சொட்டு விட்டேன். சுருக்கும் நரம்பின் உத்தரவு தசைக்குப் போய்ச் சேராமல் அது தடுத்துவிடும். அதன்பின் நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் விரிந்த கண்மணிகளோடுதான் என்னைப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தேன்.

லென்ஸும் மரத்துவிட்டதால் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. தட்டை என் பக்கம் தள்ளுவாள். “சோத்துல எறும்பு இருக்குதா, பாத்து சொல்லுங்க.” பொறுமையாகப் பார்த்து, எடுத்து வெளியே விடுவேன். ஓர் எறும்புகூட என் கையால் சாகவில்லை.

அவளுடையது முன்பக்கம் ஆழம் குறைந்த கண். அதில் இந்த மருந்தை விட்டால் கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் அழுத்தம் ஏறும் என்பது படித்ததுதான். பார்வை மங்கியதும், ஏதோ பாவத்தின் பலன் என்று அவள் உபவாசம் தொடங்கினாள். பிறகு தலை பிளக்கும் வலி, வாந்தி. பட்டினியால் பித்தம் ஏறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமியார் அனந்தமதி அழுதார்.

“கஞ்சி குடிக்கச் சொல்லுங்க மாப்ளே. நீங்க சொன்னா கேப்பா.”

“விரதத்தைக் கெடுக்கக் கூடாதுங்க” என்றேன்.

இமைமேல் விரல் வைத்துப் பார்த்தேன். கண் கல்லாக இருந்தது. அழுத்தத்தை இறக்கும் மருந்து அலமாரியில் இருந்தது; மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸும் இருந்தது. “நோண்டி எடுத்துடுங்க, வலி தாங்கல” என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

குணபாலன் அவளை மெட்ராசுக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. மருந்தின் பெயரை அங்கே அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆம், தெரிந்தே செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். பார்வை போய்விட்டது. கண்மணிகள் விரிந்தபடியே நின்றுவிட்டன. நேற்று அவன் அவள் எதிரில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவை அசையவில்லை. நானே பார்த்தேன்.

இன்று காலை என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெட்கம்.